மகனை ‘மகர்’ ஆக்கிய படம்: ‘காதலிக்க நேரமில்லை’ ஏன் இன்னும் பேசப்படுகிறது?

கேள்வி இதுதான்: “1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை மட்டும் பலமுறை பார்த்து ரசித்திருக்கிறேன். அண்மையில் முழுப் படத்தையும் பார்த்தேன். பணக்காரத் தந்தை, இரண்டு மகள்கள், ஒரு ஆள்மாறாட்டம் என்று பிற்காலத்தில் நூறு படங்களில் பார்த்த கதையாகவே தெரிந்தது. இதற்கு ஏன் இத்தனை புகழ்? தமிழ்த் திரையில் இதன் தாக்கம் உண்மையில் என்ன?”

நூறு படங்களில் பார்த்ததுபோல் இருக்கிறது என்று நீங்கள் சொல்வதிலேயே பாதிப் பதில் அடங்கியிருக்கிறது. அந்த நூறும் இதற்குப் பின்னால் வந்தவை. ஆனாலும் ‘முதலில் வந்தது’ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு படம் 60 ஆண்டுகள் நின்றுவிடாது. முதலில் வந்து மறந்துபோன படங்களும் ஏராளம். ஆகவே இந்தப் படத்தில் எது பிறருக்குக் கைமாறியது, எது கைமாறாமல் இந்தப் படத்தோடேயே தங்கிவிட்டது என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதாகும்.

முதலில் அன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் தமிழ்ப் படத்தில் நகைச்சுவை என்பது பெரும்பாலும் கதைக்கு வெளியே தனித் தண்டவாளத்தில் ஓடியது. கதாநாயகனும் நாயகியும் அழுதுகொண்டிருக்கும்போது, நடுவே பத்து நிமிடம் நகைச்சுவை நடிகர் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போவார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம் பகுதிகளைத் தாமே எழுதி அமைத்துக் கொடுத்த காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு வலுவாக இருந்தது. அவற்றை வெட்டி எடுத்துவிட்டாலும் மூலக்கதைக்கு எந்தச் சேதமும் வராது. ‘மிஸ்ஸியம்மா’ (1955), ‘சபாஷ் மீனா’ (1958), ‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960) போன்று கதையே நகைச்சுவையாக அமைந்த படங்களும் இருந்தன என்பதை மறந்துவிடக்கூடாது. அவற்றை ஒதுக்கிவிட்டு இந்தப் படத்தை மட்டும் உயர்த்திப் பேசுவது நியாயமாகாது. என்றாலும் அவை விதிவிலக்குகளாகவே இருந்தன. கதை என்றால் கண்ணீர், சிரிப்பு என்றால் இடைவேளை மாதிரி ஓர் இளைப்பாறல் என்பதே பொதுவான எண்ணம்.

இயக்குநர் ஸ்ரீதரும் அந்தக் கண்ணீர்ப் பக்கத்தில்தான் பேர் வாங்கியிருந்தார். ‘கல்யாணப் பரிசு’ (1959) முக்கோணக் காதலின் சோகம். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஒரே மருத்துவமனை அரங்குக்குள் நடக்கும் துயரம். ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) மறுபிறவிக் காதல். இந்த வரிசைக்கு அடுத்து அவரிடமிருந்து வேறொரு கனத்த காதல் கதையைத்தான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். வந்ததோ, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சாவும் இல்லாத, ஒரு வில்லனும் இல்லாத ‘காதலிக்க நேரமில்லை’.

ஆனால் இந்தத் திருப்பம் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. ‘கல்யாணப் பரிசு’ படத்திலேயே தங்கவேலு தம்மைப் பெரிய எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு திரிவார். பொய் ஒன்று, அதைக் காப்பாற்ற இன்னொன்று என்று அந்தப் பகுதி வளரும். அந்த நகைச்சுவைக்குப் பின்னால் இருந்தவர் ஸ்ரீதரின் பள்ளிக்காலத் தோழர் கோபு. பின்னாளில் ஸ்ரீதரின் படக் கம்பெனியின் பெயரே அடைமொழியாகிச் ‘சித்ராலயா’ கோபு என்று அறியப்பட்டவர் அவர். 1959-இல் சோகக் கதையின் ஓரத்தில் கிளைத்தடமாக ஓடிய பொய்யை, ஐந்து ஆண்டுகள் கழித்து அதே இருவர் நடுச்சாலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்றுதான் நான் இந்தப் படத்தைப் பார்க்கிறேன். இந்தப் படத்தின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது இந்த இடம்தான். சோகப்படம் எடுத்தவர் திடீரென்று மாறிவிடவில்லை. தமது படத்தின் ஓரத்தில் இருந்ததன் மதிப்பைக் கண்டுகொண்டார்.

வண்ணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று வண்ணம் என்பது பெரும் செலவு. ராஜா ராணிக் கதைக்கும் புராணத்துக்கும்தான் அந்தச் செலவு தகும் என்று கருதப்பட்டது. 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ அப்படிப்பட்ட வண்ணப் படம். தேர், போர்க்களம், அரண்மனை என்று கண்ணை நிறைத்தது. அடுத்த ஏழு வாரத்துக்குள், பிப்ரவரி 27-ஆம் நாள், ஈஸ்ட்மென் கலரில் ஒரு சமகாலச் சிரிப்புப் படம் வந்தது. தமிழில் ஈஸ்ட்மென் கலரில் வந்த முதல் முழுநீள நகைச்சுவைப் படமாக இது அறியப்படுகிறது. வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் ஆழியாறு அணைப் பகுதியின் பச்சையும், கார்களும், இளைஞர்கள் அணிந்த கட்டம்போட்ட சட்டைகளும் திரையில் தெரிந்தபோது, நம் காலத்து வாழ்க்கையும் வண்ணத்துக்குத் தகுதியானதுதான் என்ற உரிமை பார்வையாளருக்குக் கிடைத்தது. இரண்டு படங்களுக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. ‘கர்ண’னில் இந்துஸ்தானி ராகங்களில் தோய்ந்தவர்கள், அதே ஆண்டில் இங்கே டுவிஸ்ட் தாளத்தில் ஒரு முதலாளியிடம் வேலை கேட்கவைத்தார்கள்.

கதையை நினைவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் (டி.எஸ். பாலையா). தம் மகள்கள் காஞ்சனாவுக்கும் (காஞ்சனா) நிர்மலாவுக்கும் (ராஜஸ்ரீ) பணக்கார இடத்தில் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம். மகன் செல்லப்பா (நாகேஷ்) சினிமாப் படம் எடுப்பதற்காக ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கி, எஸ்டேட்டிலேயே இருக்கும் மீனாட்சியைக் (சச்சு) கதாநாயகியாகத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பவன். எஸ்டேட்டில் வேலை பார்த்த அசோக் (ரவிச்சந்திரன்) மகள்களோடு ஏற்பட்ட மோதலால் வேலையை இழக்கிறான், முதலாளியின் வீட்டெதிரே கூடாரம் போட்டுப் போராடி வேலையைத் திரும்பப் பெறுகிறான், நிர்மலாவைக் காதலிக்கிறான். ஏழைக்குப் பெண் கிடைக்காது என்பதால், தான் சிதம்பரம் என்ற கோடீஸ்வரரின் மகன் என்று பொய் சொல்கிறான். அந்தத் தந்தையாக நடிப்பதற்கு நண்பன் வாசுவை (முத்துராமன்) வரவழைக்கிறான். கிழவர் வேடத்தில் வந்து இறங்கிய வாசுவுக்கு, சென்னையில் தான் காதலித்த காஞ்சனா இந்த வீட்டுப் பெண்தான் என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. வாசுவின் உண்மையான தந்தையோ (வி.எஸ். ராகவன்) விஸ்வநாதனின் பழைய நண்பர், வசதியானவர். வேடம் போடாமல் நேர்வழியில் வந்திருந்தால் எளிதாக மாப்பிள்ளை ஆகியிருக்க வேண்டியவன், அந்த வீட்டில் சம்பந்தியாக உட்கார்ந்திருக்கிறான்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் திரைக்கதையின் முடிச்சு இருக்கிறது. பொய் தேவைப்பட்டவன் அசோக். பொய்யின் சுமையைச் சுமப்பவன் அது தேவைப்படாத வாசு. ஆள்மாறாட்டக் கதைகள் இதற்கு முன்பும் உண்டு. ஆனால் ஆள்மாறாட்டம் செய்பவனே தன் உண்மையான முகத்துக்குத் தானே தடையாக நிற்கும்படி அமைப்பது கடினமான வேலை. ஒவ்வொருவருக்கும் உண்மையில் ஒரு துண்டு தெரியும். முழுவதும் தெரிந்தவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே. துண்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும் இடங்களில் சிரிப்பு பிறக்கிறது. ஆகவே இந்தப் படத்தின் சிரிப்பைக் கதையிலிருந்து வெட்டி எடுக்க முடியாது. எடுத்தால் கதையும் கூடவே வந்துவிடும். தனித் தண்டவாளம் என்ற ஏற்பாட்டை இந்தப் படம் உடைத்தது இப்படித்தான்.

நடுவில் இருப்பவர் காதலர்கள் யாரும் இல்லை, பாலையாதான். 1936-இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கி நெடுங்காலம் வில்லத்தனத்துக்குப் பேர் போனவர் அவர். இந்தக் கதையிலும் விஸ்வநாதன்தான் காதலுக்குத் தடை. வேறொருவர் எழுதியிருந்தால் கையில் பிரம்போடு வில்லனாகியிருப்பார். இங்கே அவருடைய குற்றமெல்லாம் ஒன்றுதான்: பணத்தின் முன்னால் முதுகெலும்பு தானாக வளைந்துவிடுவது. அதற்காக அவரை நாம் வெறுப்பதில்லை. நமக்குத் தெரிந்த சித்தப்பா ஒருவரையோ பெரியப்பா ஒருவரையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வளைவைக் காட்ட ஸ்ரீதரும் கோபுவும் எழுதிய ஒரே ஒரு வரி போதும். தாம் வேலையை விட்டு நீக்கிய அதே அசோக், கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று தெரிந்ததும் பாலையா கேட்பார்: “அசோகர் உங்க மகருங்களா?” இந்த வரியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். தமிழில் பெயருக்குப் பின்னால் ‘அர்’ விகுதி சேர்த்தால் மரியாதை. வள்ளுவன் வள்ளுவர் ஆவதும், அவன் அவர் ஆவதும் அப்படித்தான். நேற்றுவரை வெறும் அசோக்காக இருந்தவன் ஒரு நொடியில் அசோகர் ஆகிவிட்டான். பேரரசன் அசோகரின் சாயலும் அந்தப் பெயரில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வேடிக்கை என்ற அளவில் முடிந்திருக்கும். பாலையாவின் பணிவு அங்கே நிற்க மறுக்கிறது. ‘மகன்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தும் பணக்காரரின் முன்னால் மரியாதைக் குறைவாகப் பட்டுவிட, அதையும் திருத்தி ‘மகர்’ என்று புதுச்சொல்லே படைத்துவிடுகிறார். பிறகு ‘உங்க’ளில் ஒரு மரியாதை, ‘ங்களா’வில் இன்னொன்று. மூன்றே சொற்களில் நான்கு இடத்தில் குனிகிறார் ஒரு மனிதர். பணம் மனிதனின் இலக்கணத்தையே மாற்றிவிடுகிறது என்பதைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிச் சொல்லலாம். இங்கே இலக்கணமே மாறிக் காட்டுகிறது. பாலையா அதைச் சொல்லும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு: சிரிப்பூட்டுகிறோம் என்ற நினைப்பு அவர் குரலில் இல்லை. உண்மையான பக்தியோடு கேட்கிறார்.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருப்பது நீங்கள் பலமுறை பார்த்த அந்தக் காட்சி. செல்லப்பா தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைத் தந்தையிடம் சொல்கிறான். திகில் கதை. ஒரு பேய் உருவமும் திரையில் காட்டப்படுவதில்லை. கற்பனைக் காட்சிக்குத் தாவுவதும் இல்லை. நாகேஷின் கை, கண், வாயால் எழுப்பும் ஓசைகள், இவை மட்டுமே கருவிகள். கதையோ, கேட்டால் ஒன்றுமே இல்லை. செல்லப்பாவிடம் கதை என்று ஒன்று இருக்கிறதா என்பதே ஐயம். வாழ்நாளெல்லாம் நான் அறிந்த பலரும் இந்தக் காட்சியை “நாகேஷ் காட்சி” என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான், அது பாதிக்கு மேல் பாலையாவின் காட்சி என்று விளங்கியது. கதை சொல்பவன் எவ்வளவு துள்ளினாலும், கேட்பவர் நம்பாவிட்டால் அது வெறும் கோமாளித்தனம். பாலையா நம்புகிறார். முதலில் மகனின் பைத்தியக்காரத்தனத்தைச் சகித்துக்கொள்ளும் முகம். அடுத்து, தம்மை அறியாமல் ஆர்வம் கொள்ளும் முகம். பிறகு அச்சம் மெல்ல ஏறும் முகம். உடம்பு சுருங்குகிறது, கண்கள் நிலைகொள்ளாமல் அலைகின்றன. எஸ்டேட்டையே கட்டி ஆளும் முதலாளி, தாம் உதவாக்கரை என்று நினைக்கும் மகனின் வாய்ச்சத்தத்துக்கு நடுங்குகிறார். வீட்டில் யாருக்கு அதிகாரம் என்ற கணக்கு அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குத் தலைகீழாகிவிடுகிறது. துண்டாகப் பார்க்கும்போது கிடைக்காத சுவை இது. அதற்கு முன்னால் பாலையா அந்த வீட்டில் எப்படி அதிகாரம் செய்கிறார் என்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு இடங்களையும் நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. படம் பிறமொழிகளுக்குப் போனபோது என்ன நடந்தது என்று பாருங்கள். தெலுங்கில் பி. புல்லையா இயக்கத்தில் ‘பிரேமிஞ்சி சூடு’ (1965) என்று வந்தது. அக்கினேனி நாகேஸ்வர ராவ் நடித்தார். இந்தியில் ஸ்ரீதரே ‘பியார் கியே ஜா’ (1966) என்று எடுத்தார். சசி கபூரும் கிஷோர் குமாரும் காதலர்கள், செல்லப்பாவின் இடத்தில் மெஹ்மூத், பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷ், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ அங்கே ‘வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்’. ராஜஸ்ரீ மூன்று மொழியிலும் நடித்தார். கன்னடத்திலும் பின்னர் வந்தது. இந்தியிலிருந்து மராத்திக்குப் போய் 1985-இல் ‘தூம் தடாக்கா’ ஆயிற்று. மெஹ்மூத் கதை சொல்ல ஓம் பிரகாஷ் நடுங்கும் காட்சியை இந்திக்காரர்கள் நாம் நம் காட்சியைக் கொண்டாடுவதுபோலவே கொண்டாடுகிறார்கள். அச்சத்துக்கு மொழி தேவையில்லை. கேட்பவரின் முகம் போதும். ஆகவே அந்தக் காட்சி எல்லை தாண்டிப் போய் அங்கும் வேர்பிடித்தது. ஆனால் ‘அசோகர் உங்க மகருங்களா’ என்பதை எந்த மொழிக்குக் கொண்டுபோவது? அந்த ‘அர்’ விகுதி தமிழின் வயிற்றில் பிறந்தது. கட்டமைப்பு பயணம் செய்தது. மொழி ஊரிலேயே இருந்துவிட்டது.

தமிழுக்குள் அதன் தாக்கத்தைத் தேடும்போதும் இந்தப் பிரிவினை உதவும். கட்டமைப்பைக் கைக்கொண்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் அதை உருவாக்கியவர்களே. ஸ்ரீதர் ‘ஊட்டி வரை உறவு’ (1967) படத்தில் மீண்டும் பாலையாவைத் தந்தையாக வைத்து, சிவாஜி கணேசனைச் சிரிப்புக் கதைக்குள் கொண்டுவந்தார். கோபு எழுதிய ‘கலாட்டா கல்யாணம்’ (1968), அவரே இயக்கிய ‘காசேதான் கடவுளடா’ (1972) இரண்டும் இதே பட்டறையில் அடித்தவை. ‘காசேதான் கடவுளடா’வில் தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராக வந்து இறங்கும்போது, கிழவர் வேடத்தில் வந்த வாசுவின் உறவுக்காரரைப் பார்ப்பதுபோல் இருக்கும். அதிலும் முத்துராமன் இருக்கிறார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த எதிரொலி வேறிடத்தில் இருக்கிறது. கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) படத்தின் நடிகர் பட்டியலைப் பாருங்கள்: பாலையா, முத்துராமன், நாகேஷ், காஞ்சனா, ராஜஸ்ரீ. ஐந்து பேரும் மூன்று ஆண்டுகளுக்கு முன் சின்னமலையில் இருந்தவர்கள். அங்கே பாலையா பணத்தின் முன்னால் குழைந்தார், பிள்ளைகள் அவரை ஏமாற்றித் திருத்தினார்கள். இங்கே பிள்ளைகளும் மருமகள்களும் ஒரு சினிமா நட்சத்திரம் வீட்டுக்கு வருகிறாள் என்று பகட்டுக்காகக் குழைகிறார்கள், பாலையா நேர்மையான பள்ளி ஆசிரியரின் கண்ணால் பார்த்து அவர்களைத் திருத்துகிறார். கதையைப் பிரதி எடுக்காமல், அந்தக் கட்டமைப்பையும் அதே முகங்களையும் எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் புதிய படம் கிடைக்கும் என்று காட்டியது அது. பாதிப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பாலசந்தர் இதைத் திட்டமிட்டே செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த உரையாடல் காதில் விழுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அதற்குப் பின் வந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 1990-களில் ‘உள்ளத்தை அள்ளித்தா’ (1996) என்ற தலைப்பைப் பார்த்ததுமே இந்தப் படத்தின் ‘நெஞ்சத்தை அள்ளி அள்ளித் தா’ பாடல் நினைவுக்கு வராதவர் குறைவு. அதன் கதைக்கு வேறு மூலங்கள் இருந்தாலும், மலையூர், பணக்காரத் தந்தை, பொய் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் இளைஞர்கள் என்ற களம் சின்னமலைதான். கிரேசி மோகன் வசனம் எழுதிய ‘காதலா காதலா’ (1998) போன்ற படங்களில் ஒரு பொய்யைக் காக்கப் பத்துப் பொய் அணிவகுத்து நிற்கும் வேகத்தைக் கண்டவர்கள், அந்த வேகத்துக்குத் தமிழில் வழி வெட்டியது எந்தப் படம் என்று கேட்டுக்கொண்டால் விடை இங்கேதான் வந்து நிற்கும். ‘அனுபவம் புதுமை’ என்ற இந்தப் படத்தின் பாடல் வரி 1967-இலேயே ஒரு படத்தின் தலைப்பாகிவிட்டது. கையில் காசில்லாமல் பெரிய திட்டம் பேசுபவரை ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கேலி செய்வதை, படத்தைப் பார்த்திராதவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

பாடல்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. கண்ணதாசன் எழுதிய அந்தப் பாடல்கள் தனியாகக் கேட்கவும் இனிமையானவை என்பதைச் சொல்ல நான் தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்வது அவை கதையில் செய்யும் வேலையை. ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்பது ஒரு வேலைநிறுத்தக் கோஷம். கொடி பிடித்துக் கத்த வேண்டியதை டுவிஸ்ட் ஆட்டமாக மாற்றி, முதலாளியின் பேரை நேரடியாகச் சொல்லி அழைக்கிறது. பிற்பாடு ‘மகருங்களா’ என்று குழையப்போகிறவரைத்தான் இந்தப் பாட்டு வெறும் பெயரால் கூப்பிடுகிறது என்பதை நினைத்தால், இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகளாகத் தெரியும். தலைப்புப் பாடலைச் சீர்காழி கோவிந்தராஜனிடம் கொடுத்தது இன்னொரு நுட்பம். கிழவர் வேடத்தில் இருக்கும் இளைஞன் பாடுகிறான். முருகன் பாடல்களால் நமக்கு அறிமுகமான அந்தக் கம்பீரக் குரல், காதலிக்க நேரமில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது வேடமும் உண்மையும் ஒரே குரலில் கலந்துவிடுகின்றன. அந்நாளில் தமிழுக்குப் புதியவரான யேசுதாஸ் சுசீலாவோடு பாடிய ‘என்ன பார்வை உந்தன் பார்வை’யும், பி.பி. ஸ்ரீநிவாஸும் சுசீலாவும் கிசுகிசுப்பதுபோல் பாடிய ‘அனுபவம் புதுமை’யும் காதலின் மென்மையைப் பார்த்துக்கொண்டதால், வசனம் முழுவதையும் சிரிப்புக்கு விட்டுவிட முடிந்தது.

ரவிச்சந்திரனுக்கு இது முதல் படம். மலேசியாவிலிருந்து வந்த இளைஞர். விமானப் பணிப்பெண்ணாக இருந்த வசுந்தரா தேவி, காஞ்சனா என்ற பெயரோடு அறிமுகமானதும் இதில்தான். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் உச்சத்தில் இருந்த ஆண்டில், புதுமுகங்களையும் குணச்சித்திர நடிகர்களையும் நம்பி வண்ணத்தில் செலவு செய்தது பெரிய துணிச்சல். எழுத்து வலுவாக இருந்தால் நட்சத்திரம் இல்லாமலும் வெல்லலாம் என்ற நம்பிக்கையைப் பின்னால் வந்த பலர் இந்த வெற்றியிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. படித்துவிட்டு வந்த மகள்கள் இருவரும் தொடக்கத்தில் காட்டும் துடுக்கு, காதல் வந்ததும் ஒடுங்கிவிடுகிறது. திட்டம் தீட்டுபவர்கள் ஆண்கள். பெண்கள் பயந்துகொண்டோ ஊடிக்கொண்டோ பக்கத்தில் நிற்கிறார்கள். கேலியும் கிண்டலுமாகத் துரத்தினால் பெண் மசிந்துவிடுவாள் என்று காட்டும் பாடல் காட்சிகளை இன்று பார்க்கும்போது நெருடுகிறது. இதே நெருடலைப் பிற்காலப் படங்கள் கேள்வி கேட்காமல் அப்படியே சுமந்து சென்றன. தாக்கம் என்று பேசும்போது இதையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். மூன்று பெண்களில் உயிரோட்டமாக இருப்பவள் சச்சுவின் மீனாட்சிதான். நடிகையாகப் போகிறோம் என்று நம்பி, செல்லப்பா சொன்னபடியெல்லாம் ஒத்திகை பார்க்கும் அவளுடைய ஆர்வம், நாகேஷுக்கு ஈடுகொடுக்கிறது. அவளுக்கு இன்னும் நான்கு காட்சிகள் எழுதியிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

முழுப் படத்தையும் இன்னொருமுறை பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், ஒன்று செய்து பாருங்கள். காதலர்களை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பின்தொடருங்கள். வீட்டெதிரே கூடாரம் போட்ட பையனைப் பார்க்கும் பார்வை, அதே பையனை ‘அசோகர்’ என்று அழைக்கும் வாய், சம்பந்தி என்று நம்பிய கிழவரின் முன்னால் கை தானாகக் கட்டிக்கொள்ளும் விதம். கடைசியாக அந்தக் கதை சொல்லும் காட்சி வரும்போது ஒலியை முற்றிலும் குறைத்துவிடுங்கள். நாகேஷின் ஓசைகள் ஒன்றும் கேட்காது. என்ன கதை என்றும் தெரியாது. பாலையாவின் முகம் மட்டும் சுருங்கிச் சுருங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சிரித்துவிடுவீர்கள்.